அலையும் ஓய்வும்: ஹவாய்த் தீவுகளின் அலைச்சறுக்கு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

முற்போக்கு இலக்கிய விமர்சகர்கள் உழைப்பைப் பற்றி எழுதிய அளவிற்கு ஓய்வைப் பற்றி எழுதியவர்கள் அல்லர். உழைப்பின் வரலாறே மனித வரலாறு என்னும் அடிப்படை உண்மையை ஏற்றுக்கொண்ட நாம், அவ்வுழைப்பிலிருந்து விடுபட்ட நேரத்தில் மனிதன் என்ன செய்தான், அந்நேரம் யாருக்கு உரியதாயிருந்தது, எவ்வாறு பறிக்கப்பட்டது என்னும் வினாக்களைப் பெரும்பாலும் எழுப்பாது விட்டுவிட்டோம். விளையாட்டு, கேளிக்கை, கடற்கரை உல்லாசம் ஆகியன பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம், அவை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் சாதனங்கள் என்றும் ஒரு வரியிற் கூறி அப்பாற் சென்றுள்ளோம். அவ்வாறு எழுதியோருள் நாமும் அடங்குவோம். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. மற்றைய பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பமண்டலத் தீவொன்றில் விடுமுறையைக் கழித்தல் என்றதும் இன்று உலகின் பல பாகங்களிலும் ஒரே காட்சிதான் மனக்கண்முன் எழுகின்றது: தென்னை மரங்கள், வெண்மணல், திரண்டுவரும் அலையின்மேற் பலகையொன்றில் நிமிர்ந்து நிற்கும் மனிதன். உல்லாசப் பயணத்துறையின் சுவரொட்டிகள் இதனை இயற்கையின் கொடையாகவே காட்டுகின்றன. ஆயின் இக்காட்சி இயற்கையானதன்று, ஆக்கப்பட்டது. பசிபிக் சமுத்திரத்தின் ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஓவாஹு தீவில், வைக்கிக்கி என்னும் கடற்கரையில், 20ஆம் நூற்றாண்டின் முதல் 30 ஆண்டுகளில் அது பெரும்பாலும் ஆக்கப்பட்டது. எனவே அலைச்சறுக்கு என்னும் ஒரு விளையாட்டையும் அவ்வொரு கடற்கரையையும் ஆதாரமாகக் கொண்டு மேற்கூறிய வினாக்களை அணுகுவது பொருத்தமுடையது.

ஹவாய் மொழியில் இவ்விளையாட்டின் பெயர் ‘ஹெயெ நலு’ என்பதாகும். ‘நலு’ அலையைக் குறிக்கும். ‘ஹெயெ’ வழுக்குதலைக் குறிக்கும். பலகைகளுள் ‘ஒலோ’ எனப்பட்டது மிக நீண்டது, பாரமானது. தலைவர் குலத்தினருக்கே சிறப்பாக உரியது. ‘அலாயா’ எனப்பட்டது மெல்லியது, குட்டையானது, பொதுமக்கள் பயன்படுத்தியது. ‘கோவா’ என்னும் வன்மரம், ஈரப்பலா, எமது முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்த ‘விலிவிலி’ ஆகிய மரங்களிலிருந்து இவை செதுக்கப்பட்டன. மரத்தைத் தறிப்பதற்கு முன்னர் அதன் அடியிற் சிவப்பு மீனொன்றைப் படைக்கும் வழக்கம் இருந்ததாகப் பழைய குறிப்புகள் கூறும். பலகையிலேயே வர்க்க வேறுபாடு செதுக்கப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது. சில கடற்பகுதிகள் தலைவர்க்கென விலக்கப்பட்டுமிருந்தன. ஆயினும் அலையின்மீது ஏறுதல் என்னும் செயல் எவருக்கும் மறுக்கப்படவில்லை. ஆண், பெண், சிறுவர், முதியோர் ஆகிய யாவரும் அதில் ஈடுபட்டனர்.

இவ்விளையாட்டு நிகழ்ந்த காலத்தின் ஒழுங்கு எமது ஆய்வுக்கு இன்னும் முக்கியமானது. ஆண்டுதோறும் மழைக்காலத்தையொட்டி ஏறத்தாழ நான்கு சாந்திர மாதங்கள் ‘மக்காஹிக்கி’ எனப்பட்ட விழாக்காலம் நிலவியது. விளைச்சலுக்குரிய தெய்வமான லோனோவின் காலம் அது. போர் விலக்கப்பட்டது. வழமையான வேலைகள் பல நிறுத்தப்பட்டன. மல்யுத்தம், ஓட்டம், சறுக்குவண்டி, அலைச்சறுக்கு ஆகியன நடைபெற்றன. அதே காலத்திலேயே லோனோவின் பெயரால் ஊர்தோறும் திறையும் வசூலிக்கப்பட்டது. ஓய்வும் சுரண்டலும் ஒரே விழாவில் ஒருங்கே அமைந்திருந்தமையால், இதனைப் பொற்காலமெனப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவ்வாறாயினும், நேரம் இன்னும் விற்பனைப் பண்டமாகாத ஒரு சமுதாயம் அது. நல்ல அலை எழுந்தவிடத்து மக்கள் தோட்ட வேலையை அப்படியே விட்டுக் கடலுக்குச் சென்றனர் என 19ஆம் நூற்றாண்டின் ஹவாய் எழுத்தாளரான கெப்பெலினோ எழுதியுள்ளார். வேலையும் விளையாட்டும் கடிகாரத்தாலன்றிக் கடலாலும் பருவத்தாலும் பிரிக்கப்பட்டிருந்தன.

இவ்வொழுங்கு எவ்வாறு சிதைந்தது? 1778இல் கப்டன் குக் வந்தடைந்ததன் பின்னர் புகுந்த நோய்கள் சனத்தொகையைப் பெருமளவு அழித்தன. 1890ஆம் ஆண்டளவில் கலப்பினத்தவரையும் சேர்த்துச் சுமார் 40,000 ஹவாயரே எஞ்சியிருந்தனர். 1819இல் பழைய விலக்குமுறை அரச குடும்பத்தினராலேயே ஒழிக்கப்பட்டது. மக்காஹிக்கியும் அதனோடு மறைந்தது. மறு ஆண்டு அமெரிக்க மிசனரிமார் வந்து சேர்ந்தனர். அவர்களுள் முதன்மையானவரான ஹைரம் பிங்ஹம் 1847இல் வெளியிட்ட நூலிற் சுவையான குறிப்பொன்றைக் காண்கிறோம். அலைச்சறுக்கு குன்றியமைக்கு மிசனின் அடக்குமுறை காரணமன்று என்றும், மக்களிடையே நாணமும் உழைப்பும் சமயப்பற்றும் வளர்ந்தமையே காரணம் என்றும் அவர் வாதிடுகின்றார். இம்மூன்றனுள் இடையே நிற்கும் சொல்லையே நாம் ஊன்றி நோக்கவேண்டும். பிங்ஹம் கூறிய உழைப்பு எத்தகையது என்பதை அடுத்துவந்த சட்டங்கள் தெளிவாக்கின.

1848இன் நிலப்பங்கீட்டிலும் அதைத் தொடர்ந்த சட்டங்களிலும் பொதுமக்களுக்குக் கிடைத்த நிலம் மொத்தத்தில் 1 சதவீதத்திற்கும் குறைவாகும். 1850இல் அந்நியர் நிலம் வாங்கும் உரிமை பெற்றனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட எசமானர்-பணியாளர் சட்டம், ஒப்பந்தக் கூலியாள் வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கியது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. சீனர், போர்த்துக்கேயர், யப்பானியர், பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டவர் எனக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். யப்பானியக் கூலிகளின் ஒப்பந்தப்படி மாதத்துக்கு 26 நாள் வேலை. வயலில் நாளொன்றுக்கு 10 மணித்தியாலம், ஆலையில் 12 மணித்தியாலம். மலையகத் தோட்டங்களின் பிரட்டுக்களத்தை அறிந்த எமது வாசகருக்கு இது பற்றி மேலும் விளக்கம் தேவையில்லை. அலை உயர்ந்தபோது மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கடலுக்கு ஓடும் உரிமை முடிவுற்ற இடம் இதுவே. 1893இல் அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, தோட்ட முதலாளிகளும் வணிகரும் இராணி லிலியுஒக்கலானியின் ஆட்சியைக் கவிழ்த்தனர். 1898இல் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது.

அலைச்சறுக்கு முற்றாக அழிந்தது என்றும் வெள்ளையரே அதனை உயிர்ப்பித்தனர் என்றும் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. இக்கூற்றை ஹவாய் வரலாற்றாசிரியரான ஐசயா வோக்கர் 2011இல் வெளிவந்த தமது நூலில் மறுத்துள்ளார். நிலத்தில் யாவற்றையும் இழந்த ஹவாயர், கரையை அடுத்த அலைப்பரப்பை மாத்திரம் தம் கைவிடாது வைத்திருந்தனர் என்பது அவரது வாதம். இது ஏற்கத்தக்கது. 1866இல் மார்க் ட்வெய்ன் அங்கு சென்றபோதும் ஹவாயர் அலையேறிக் கொண்டுதான் இருந்தனர். அவரும் முயன்று தோற்றார். 1885இல் கலிபோர்ணியாவின் சான்ரா குறூஸ் கரையில் முதன்முதலில் அலையேறியோர் அங்கு கல்வி கற்கச் சென்ற மூன்று ஹவாய் இளவரசர்களே. எனவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததைப் புத்துயிர்ப்பு என்பதிலும் கைம்மாற்றம் என்பது சரியாகும்.

இக்கைம்மாற்றத்தில் இலக்கியத்திற்கு இருந்த பங்கு எமது துறைக்கு நேரே உரியது. 1907ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஸ்னார்க்’ என்னும் தமது பாய்க்கப்பலில் ஜாக் லண்டன் ஹவாயை அடைந்தார். அவர் யார் என்பதை முற்போக்கு வாசகருக்குக் கூறவேண்டியதில்லை. லண்டன் மாநகரத்துச் சேரிகளிற் கூலியாள் வேடத்தில் வாழ்ந்து ‘பாதாளத்து மக்கள்’ என்னும் நூலை 1903இல் எழுதியவர். அமெரிக்க சோசலிசக் கட்சியின் புகழ்மிக்க உறுப்பினர். முதலாளித்துவத்தின் கொடுங்கோன்மை வடிவை முன்னுணர்ந்து கூறிய ‘இரும்புக் குதிகால்’ என்னும் நாவலை எழுதி முடித்துவிட்டே கப்பலேறியவர். வைக்கிக்கியில் அவருக்கு அலைச்சறுக்கைக் கற்பித்தவர் அலெக்சாண்டர் ஹியூம் ஃபோர்ட் என்னும் பத்திரிகையாளர். முதல் நாளிலேயே வெயிலில் தோல் வெந்து படுக்கையிற் கிடந்த லண்டன் இவ்விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அது அவ்வாண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவில் மகளிர் சஞ்சிகையொன்றில் வெளிவந்து, பின்னர் 1911இல் அவரது பயண நூலில் இடம்பெற்றது.

அக்கட்டுரை விளையாட்டுக்குச் சூட்டிய பெயர் அரச விளையாட்டு என்பதாகும். நுரையின் நடுவே நிமிர்ந்து வரும் ஹவாயன் கிரேக்க-உரோம புராணத் தெய்வமாகக் காட்டப்படுகின்றான். அலையின் பௌதிகம் தெளிவாக விளக்கப்படுகின்றது. வர்ணனையின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. இன்றுங்கூட அதனை வாசிக்கையில் எமது உடல் சிலிர்க்கவே செய்கின்றது. ஆனால் அம்மனிதன் யார்? எந்த நிலம் அவனுடையதாயிருந்தது? மாலையில் அவன் எங்கே திரும்பிச் செல்கின்றான்? சேரியில் ஒவ்வொருவரையும் இவ்வினாக்களாற் துளைத்தெடுத்த எழுத்தாளர், கடற்கரையில் ஒன்றையேனும் கேட்கவில்லை. உழைப்பில் வர்க்கத்தைக் கண்டவர் விளையாட்டில் உடலை மட்டுமே கண்டார்.

இதனைத் தனிமனித முரண்பாடாகக் கொண்டு அவரைக் கண்டிப்பது எளிது. ஆனால் அது போதாது. லண்டனுடைய உலகநோக்கில் வர்க்கப் பார்வையும் இனவாதமும் அருகருகே இருந்தன என்பது பலரும் கூறியதே. ஆயினும் அவரே பின்னர் எழுதிய ‘குஷ்டரோகி கூலாவு’ என்னும் சிறுகதை வேறொன்றைக் காட்டுகின்றது. நாடு கடத்தலை எதிர்த்துக் கவாய் தீவின் மலைப்பள்ளத்தாக்கிலே துப்பாக்கியோடு நின்ற உண்மை மனிதனொருவனைத் தழுவிய கதை அது. 1912இல் வெளிவந்த தொகுதியில் உள்ளது. அதில் வரும் கூலாவு, கடவுளின் வார்த்தையையும் சாராயத்தையும் கொண்டு பணிவோடு வந்தவர்கள் முடிவில் எல்லா நிலத்தையும் உடைமையாக்கிய வரலாற்றைத் தன் வாயாலேயே சொல்கின்றான். ஒரே எழுத்தாளர், ஒரே தீவுகள், ஒரே மக்கள். வேறுபாடு எங்கிருந்து வந்தது? கட்டுரையில் ஹவாயன் பார்க்கப்படுபவன், சிறுகதையிற் பேசுபவன். பயணக் கட்டுரை என்னும் வடிவம் வாசகரை ஏலவே விருந்தினராக அமர்த்திவிடுகின்றது. காட்சிக்கும் அதைக் காண வருவோருக்கும் இடையே அங்கு பேச்சுக்கு இடமில்லை. இலக்கிய வடிவங்களும் சந்தைக்குப் புறம்பானவையல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

ஃபோர்ட் இக்கட்டுரையின் பயனை நன்கறிந்திருந்தார். 1908இல் வைக்கிக்கியில் ‘அவுட்றிகர்’ என்னும் வள்ளக் கழகத்தை அவர் நிறுவினார். ஹவாயரின் விளையாட்டைப் பேணுதல் அதன் நோக்கமெனப்பட்டது; அதன் உறுப்பினரோ பெரும்பாலும் வெள்ளையர். ஹவாய் இளைஞர் 1911இல் ‘ஹுயி நலு’ என்னும் தமது கழகத்தை முறைப்படி அமைத்தனர். ‘அலைச் சங்கம்’ என அதனை மொழிபெயர்க்கலாம். இக்கழகத்திலிருந்து தோன்றியவர்தாம் டியூக் கஹனமோக்கு. 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலிற் தங்கம் வென்ற அவர், 1914-15இல் அவுஸ்திரேலியாவில் அலைச்சறுக்கைக் காட்சிப்படுத்திப் பரப்பினார். விளையாட்டாற் பணம் ஈட்டலாகாது என்னும் அக்கால ஒலிம்பிக் விதி, ஈட்டவேண்டிய தேவையற்ற வர்க்கத்தாரால் இயற்றப்பட்டது. உலகப் புகழ்பெற்ற கஹனமோக்கு பெற்றோல் நிலையத்திலும் வேலை செய்யவேண்டியிருந்தது. அவருக்கு முன்பே, 1907இல் கலிபோர்ணியா சென்ற ஜோர்ஜ் ஃப்றீத்தின் கதையும் இத்தகையதே. றெடொண்டோ கரையில் அவர் நிகழ்த்திய காட்சிகள், ஹென்றி ஹண்டிங்ரன் என்பவரின் மின்சார இரயிற் பாதைக்கும் கரையோரக் காணிகளுக்கும் ஆட்களைக் கொணர்வதற்காகவே ஏற்பாடு செய்யப்பட்டன. ஃப்றீத் 1919இல் தொற்றுக் காய்ச்சலால் 35 வயதில் இறந்தார்.

வைக்கிக்கி என்னும் பெயரின் பொருள் ஊற்றெடுக்கும் நீர் என்பதாகும். மலையிலிருந்து இறங்கிய ஓடைகளாற் செழித்த சேற்றுநிலம் அது. சேம்பும் பின்னர் நெல்லும் விளைந்தன. மீன் குளங்களும் வாத்துக் குளங்களும் இருந்தன. 1901இல் மோவானா ஹோட்டல் திறக்கப்பட்டது. 1921க்கும் 1928க்கும் இடையில், சுகாதாரத்தின் பெயரால், அலா வாய் கால்வாய் வெட்டப்பட்டு ஓடைகள் திருப்பப்பட்டன. வயலும் குளமும் தூர்க்கப்பட்டுக் கட்டடக் காணிகளாயின. 1927இல் மற்சன் கப்பற் கம்பனியின் ஆதரவோடு றோயல் ஹவாயன் ஹோட்டல் எழுந்தது. உணவு விளைந்த நிலம் உல்லாசம் விளையும் நிலமாயிற்று. அங்கு மிஞ்சிய ஹவாயருள் ஒரு சாரார் ‘கடற்கரைப் பையன்கள்’ ஆயினர். நரைத்தவரையும் பையன் என்றழைக்கும் வழக்கத்தைக் காலனித்துவ நாட்டவராகிய நாம் நன்கறிவோம். அவர்கள் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பித்தனர், வள்ளம் வலித்தனர், உக்குலேலே மீட்டிப் பாடினர், உடம்பு பிடித்துவிட்டனர். இவ்வுழைப்பின் தனித்தன்மை ஒன்றுண்டு. உழைக்கவில்லை எனத் தோன்றுவதே இவ்வுழைப்பின் விளைபொருள். கவலையற்ற தீவுவாசி என்னும் தோற்றத்தைக் காலை முதல் மாலை வரை சோர்வின்றி உற்பத்தி செய்வதற்காகவே அவர்கள் கூலி பெற்றனர். மக்காஹிக்கியின் ஓய்வு இவ்வாறு அவர்களுக்கே வேலையாகத் திரும்பி வந்தது.

பின்னைய வளர்ச்சியைச் சுருங்கக் கூறலாம். ஹவாய் மாநிலமாகிய 1959இல் அங்கு வந்த பயணிகள் ஏறத்தாழ 2 இலட்சத்து 43 ஆயிரம் பேர். ஜெற் விமானப் போக்குவரத்துப் பெருகியபின், 2019இல், 1 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தனர். தீவுகளின் சனத்தொகையோ சுமார் 14 இலட்சமே. 1970களின் நடுப்பகுதியில் ஓவாஹுவின் வடகரையிலே தொழில்முறைப் போட்டிகள் அலைகளைக் குத்தகைக்கு எடுத்ததுபோல் நடத்தப்பட்டபோது, ஹவாய் இளைஞர் ‘ஹுயி ஒ ஹெயெ நலு’ என்னும் அமைப்பின்கீழ்த் திரண்டு எதிர்த்தனர். இதைவிட எமது கவனத்தைக் கூடுதலாக ஈர்ப்பது 2018இல் நிகழ்ந்த வேலை நிறுத்தமாகும். மேலே குறிப்பிட்ட மோவானா, றோயல் ஹவாயன் உட்பட ஐந்து ஹோட்டல்களின் ஏறத்தாழ 2,700 தொழிலாளர் 51 நாட்கள் வெளியே நின்றனர். அறை துப்புரவாக்குவோர், சமையலாளர், பொதி சுமப்போர் ஆகியோரே அவர்கள். ஒரு வேலை வாழ்வதற்குப் போதுமானதாயிருக்க வேண்டும் என்பது அவர்களின் முழக்கம். இரண்டு, மூன்று வேலைகள் பார்ப்போருக்கு, சில நூறு யார் தொலைவிலுள்ள கடல் யன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி மாத்திரமே.

அம்முழக்கம் கூலியைப் பற்றியது மட்டுமன்று, நேரத்தையும் பற்றியது. மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்திற் சுதந்திரத்தின் உலகைப் பற்றிப் பேசுமிடத்து அதன் அடிப்படை நிபந்தனையாக வேலைநாளின் குறைப்பையே கூறுகின்றார். அவரது மருமகனான போல் லஃபார்க் 1880இற் சோம்பலுக்கு உரிமை கோரி எழுதியதைப் பலர் வேடிக்கை எனக் கொண்டனர். பிரான்சில் 1936இல் மாபெரும் வேலை நிறுத்தங்களின் பயனாகத் தொழிலாளர் இரண்டு வாரச் சம்பள விடுமுறையை வென்றெடுத்துக் கடற்கரைகளுக்குச் சென்றபோது, வசதிபடைத்தோர் முகஞ்சுளித்தனர். கடற்கரை உல்லாசத்தை முதலாளித்துவச் சீரழிவு எனக் கூறி ஒதுக்கும் முற்போக்காளர், தம்மையறியாமலே பிங்ஹம் பாதிரியாரின் பக்கத்தில் நின்றுவிடும் அபாயம் உண்டு.

எமது நாட்டிலும் இவ்விளையாட்டு வேரூன்றியுள்ளது. பொத்துவிலையடுத்து, உள்ளூரார் உல்லை என வழங்கும் அறுகம்குடா, உலக அலைச்சறுக்கு வீரர் அறிந்த இடம். ஏறத்தாழ மே முதல் ஒக்ரோபர் வரை அங்கு அலை வாய்க்கும். கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்திருக்கும் அம்மாதங்களே மீனவருக்கும் உரிய காலம். ஆகவே ஒரே மணலை, ஒரே மாதங்களில், இரு தொழில்கள் வேண்டி நிற்கின்றன. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என விதிக்கப்பட்டது. மீனவ குடும்பங்கள் பின்தள்ளப்பட, உல்லாச விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதே ஊரை உல்லாசப் பயண மையமாக்கும் திட்டமும் 2005இல் முன்வைக்கப்பட்டது. கனேடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகவே எடுத்துரைத்துள்ளார். எதிர்ப்புகளின் பின் அவ்விதி தளர்த்தப்பட்டது. மறுபுறம், மீனவர் பிள்ளைகள் பலர் அவ்வலையிலேயே பலகையேறி வளர்ந்து பயிற்றுநராயினர். 2018இல் அவ்வூர்ப் பெண்கள் தமக்கெனக் கழகமொன்றையும் அமைத்துள்ளனர்.

உல்லையின் அலை பற்றி வந்துபோனவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை ஏராளம். தோணி இழுத்துவைக்கும் இடம் எந்த ஆண்டில் எவ்வளவு குறுகியது, கரைவலைப் பாடு எங்கே கைவிடப்பட்டது, முதற் பலகை யார் வீட்டுக்கு எவ்வாறு வந்தது, பலகையேறிய பெண்ணுக்கு வீட்டார் முதலிற் சொன்னது என்ன என்பன அவ்வூர் முதியோரின் வாயில் மாத்திரமே உள்ளன. பொத்துவில், கோமாரி, பாணமைப் பகுதிகளிலிருந்து வரும் எமது பல்கலைக்கழக மாணவர் அடுத்த விடுமுறையிலே இவற்றைக் கேட்டெழுதத் தொடங்கலாம்.